காவிரி இல்லாத ஊரில் ஆடிப்பெருக்கு

ஆடி மாதம் பதினெட்டாம் நாளில் தமிழ்நாட்டின் காவிரிக் கரையெங்கும் மக்கள் கூடுவார்கள். குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பொழிந்து, ஆறு இரு கரையும் நிறைந்து ஓடும் காலம் அது. பெண்கள் ஆற்றைத் தாயாக எண்ணி மஞ்சள், குங்குமம், பூ, காதோலை, கருகமணி ஆகியவற்றைப் படைப்பார்கள். வீட்டில் வளர்த்த முளைப்பாரியை நீரில் விடுவார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எனக் கட்டிக்கொண்டு வந்த சித்திரான்னங்களைக் கரையில் அமர்ந்து பகிர்ந்து உண்பார்கள். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது உழவர் பழமொழி. ஆற்றில் நீர் வந்துவிட்டது, இனி விதைக்கலாம் என்னும் நம்பிக்கையைக் கொண்டாடும் விழாவே ஆடிப்பெருக்கு.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ காவிரி இல்லை. புதுவெள்ளம் வரும் பருவமும் அதுவன்று. அடுக்குமாடி வீட்டில் வாழும் குடும்பத்திற்கு விதைக்க நிலமும் இல்லை. ஆயினும், ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோவில்களில் கூட்டம் பெருகுகிறது. வெள்ளிக்கிழமைகளில் விளக்கு பூசை நடைபெறுகிறது, கூழ் வார்க்கப்படுகிறது. இவற்றைக் காணும் இளையோர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஆறும் இல்லை, வயலும் இல்லை, விதைப்பும் இல்லை என்றால், ஆடி மாதத்திற்கு இங்கே என்ன பொருள்?

இக்கேள்வி ஆடிக்கு மட்டும் உரியதன்று. பனி பெய்யாத நாட்டில் மார்கழி நோன்பு எதற்கு? நெல் அறுக்காத வீட்டில் பொங்கல் எதற்கு? இவற்றுக்கு விடை காண, ஒரு விழா எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். இந்து சமய விழாக்களிலும் புனித மாதங்களிலும் மூன்று கணக்குகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவை விண்ணின் கணக்கு, மண்ணின் கணக்கு, மனத்தின் கணக்கு ஆகியவையாகும்.

விண்ணின் கணக்கு

தமிழ் மாதம் கதிரவனைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கதிரவன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழையும்போது புதிய மாதம் பிறக்கிறது. மேட ராசிக்குள் நுழையும்போது சித்திரையும், கடக ராசிக்குள் நுழையும்போது ஆடியும், மகர ராசிக்குள் நுழையும்போது தையும் பிறக்கின்றன.

மாதங்களின் பெயர்களோ நிலவைச் சார்ந்தவை. ஒரு மாதத்தின் முழுநிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ, அதைக் கொண்டே பெரும்பாலும் அம்மாதம் பெயர் பெற்றது. விசாகத்தால் வைகாசியும், பூரட்டாதியால் புரட்டாசியும், மிருகசீரிடத்தால் மார்கழியும், மகத்தால் மாசியும் பெயர் பெற்றன. சித்திரையும் கார்த்திகையும் நட்சத்திரத்தின் பெயரை அப்படியே தாங்கி நிற்கின்றன. வைகாசி விசாகம், தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் ஆகிய விழாக்களின் பெயர்களைப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஒரு மாதமும் ஒரு நட்சத்திரமும் இருப்பதைக் காணலாம்.

தைப்பூசத்தைச் சான்றாகக் கொள்ளலாம். தை மாதத்தில் கதிரவன் மகர ராசியில் இருக்கும். முழுநிலவு எப்போதும் கதிரவனுக்கு நேர் எதிரே தோன்றும். மகரத்திற்கு எதிரே உள்ள ராசி கடகம். பூச நட்சத்திரம் அந்தக் கடக ராசியில்தான் உள்ளது. ஆகவே, தை மாத முழுநிலவு பூசத்தை ஒட்டி வருகிறது. தைப்பூசத்தன்று இரவு வானை நோக்கினால், நிலவு முழுமையாகவோ முழுமையை நெருங்கியோ இருப்பதைக் காண இயலும்.

ஆண்டை இரண்டாகப் பகுக்கும் வழக்கமும் உண்டு. தை முதல் ஆனி வரை உள்ள ஆறு மாதங்கள் உத்தராயணம். ஆடி முதல் மார்கழி வரை உள்ள ஆறு மாதங்கள் தட்சிணாயனம். மனிதர்களின் ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது நம்பிக்கை. அந்த நாளில் உத்தராயணம் பகல்; தட்சிணாயனம் இரவு. அவ்வாறாயின், ஆடி என்பது அந்தி. மார்கழி என்பது விடியலுக்கு முந்திய வேளை. தை என்பது பொழுது புலர்தல். ஆடி தொடங்கி மார்கழி முடிய விரதங்களும் வழிபாடுகளும் மிகுந்திருப்பதை இக்கருத்து விளக்குகிறது. இருள் சூழும் நேரத்தில் மனிதர் விளக்கை ஏற்றிக்கொள்கிறார்கள் அல்லவா? அதுபோல, ஆண்டின் இரவில் உள்ளத்தில் விளக்கேற்றிக்கொள்ள முன்னோர் வழி வகுத்தனர்.

விண்ணின் கணக்கில் ஒரு வசதி உண்டு. வானம் எல்லா ஊருக்கும் பொது. பழனிமலைக்கு மேலே தெரியும் அதே பூச நிலவுதான் பத்துமலைக்கு மேலேயும் தெரிகிறது. எனவே, தமிழர் கடல் கடந்து வந்தபோது இக்கணக்கும் அவர்களுடன் எளிதாக வந்துவிட்டது.

மண்ணின் கணக்கு

மண்ணின் கணக்கு அவ்வாறு எளிதில் இடம் பெயர்வதன்று. ஆடியில் விதைப்பு, தையில் அறுவடை, மார்கழியில் பனி, சித்திரையில் வெயில் என்பவை தமிழ்நாட்டின் நிலத்துக்கும் பருவத்துக்கும் உரியவை. ஆடி மாதத்தில் திருமணம் முதலிய நிகழ்ச்சிகளைத் தவிர்க்கும் வழக்கத்தையும் பெரியோர் இக்கணக்கைக் கொண்டே விளக்குவர். அது விதை வாங்கவும் உழவு செய்யவும் கைப்பொருள் செலவாகும் காலம். வீட்டில் உள்ள அனைவரின் உழைப்பும் வயலுக்குத் தேவைப்படும் காலம். அதனால் பிற செலவுகள் தள்ளிவைக்கப்பட்டன. இந்தக் காரணம் மறந்துபோகவே, ஆடி ஆகாத மாதம் என்னும் தவறான எண்ணம் சிலரிடம் ஏற்பட்டது. மார்கழியைப் ‘பீடை மாதம்’ என்று கூறுவதும் இத்தகையதே. பெருமை என்னும் பொருள்தரும் ‘பீடு’ என்ற சொல்லே நாளடைவில் இவ்வாறு திரிந்தது என்று விளக்குவாரும் உளர்.

மலேசியாவும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகள். இங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கின்றன. வெப்பமும் பெரிதாக மாறுவதில்லை. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களுள் பெரும்பாலோர் வயலில் உழுது பழகியவர்கள். இங்கே அவர்களுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் தோட்ட வேலை.

உழவருக்கு மழை வந்தால் மகிழ்ச்சி. பால்மரம் சீவும் தொழிலாளிக்கு விடியற்காலை மழை கவலையைத் தந்தது. மரப்பட்டை நனைந்திருந்தால் மரம் சீவ இயலாது. சீவினாலும் பால் மழைநீரில் கரைந்தோடிவிடும். வேலை இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. மழையை வேண்டி மாரியம்மனைக் கும்பிட்ட மக்கள், மழை பெய்தால் வருவாய் இழக்கும் தொழிலுக்கு வந்துசேர்ந்தார்கள். எனினும், தோட்டந்தோறும் அவர்கள் எழுப்பிய கோவில்களுள் மாரியம்மன் கோவில்களே மிகுதி. மண்ணின் கணக்கு தலைகீழாக மாறிய பின்னும் அவர்கள் அம்மனை விடவில்லை. நோயிலும் பிரிவிலும் வறுமையிலும் துணைநிற்கும் தாயாகவே அவளைக் கண்டார்கள்.

மாறிய மண்ணுக்கு ஏற்ப வழிபாட்டை அமைத்துக்கொண்டவர்களும் உண்டு. மலாக்கா செட்டி சமூகத்தினரை இதற்குச் சான்றாகக் கூறலாம். 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா துறைமுகத்திற்கு வணிகம் செய்ய வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வீட்டில் மலாய்மொழி பேசினாலும் இந்து சமய நெறியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். இவர்கள் 1781ஆம் ஆண்டில் கட்டிய பொய்யாத விநாயகர் கோவில் மலாக்காவில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. முன்னோருக்குப் படையலிடும் வழிபாட்டை இவர்கள் ‘பார்ச்சு’ என்று அழைக்கிறார்கள். ஒரு பார்ச்சு பொங்கலுக்கு முந்திய போகி நாளில் நடைபெறுகிறது. மற்றொன்று, ஆண்டின் நடுப்பகுதியில், டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் ஆகிய பழங்கள் காய்த்துக் குலுங்கும் காலத்தில் நடைபெறுகிறது. அறுவடைக் காலத்தில் முன்னோரை நினைப்பது தமிழ்நாட்டு வழக்கம். புதிய மண்ணின் விளைச்சல் பழங்களாக இருக்கவே, பழப் பருவத்திலும் முன்னோருக்குப் படையலிட்டார்கள். மண் மாறியது, நன்றி மாறவில்லை.

மனத்தின் கணக்கு

விண்ணும் மண்ணும் ஒரு விழா எப்போது வர வேண்டும் என்பதைக் குறிக்கின்றன. அவ்விழாவில் மனிதர் என்ன ஆக வேண்டும் என்பதைச் சொல்வது மனத்தின் கணக்கு. புனித மாதம் ஒவ்வொன்றும் ஒரு பயிற்சியை முன்வைக்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி, தை ஆகிய நான்கு மாதங்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

ஆடி: பகிர்தல்

ஆடி மாதத்தில் அம்மன் கோவில்களில் கேழ்வரகுக் கூழ் வார்ப்பது வழக்கம். கூழ் எளியோரின் உணவு. அதனை அம்மனுக்குப் படைத்து, வந்தோர் அனைவருக்கும் வழங்குகிறார்கள். அங்கே செல்வர் வறியவர் என்னும் வேறுபாடு இல்லை. காரில் வந்தவரும் பேருந்தில் வந்தவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே கூழை வாங்கிக் குடிக்கிறார்கள். உழவர் விதையை மண்ணில் இடும்போது, கையில் உள்ளதை இழக்கத் துணிகிறார். இன்று கொடுத்தால்தான் நாளை விளையும் என்பது விதைப்பின் பாடம். கூழ் வார்த்தலும் ஒருவகை விதைப்புதான். வயல் இல்லாதவரும் இதனைச் செய்ய இயலும்.

புரட்டாசி: அடக்கம்

புரட்டாசி திருமாலுக்கு உகந்த மாதம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல குடும்பங்கள் அம்மாதம் முழுவதும் இறைச்சியும் மீனும் உண்பதில்லை. சனிக்கிழமைகளில் பெருமாள் கோவில்களில் நீண்ட வரிசைகளைக் காணலாம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவில் இவ்வழிபாட்டுக்குப் பெயர்பெற்றது.

புரட்டாசியில் புலால் உண்ணாமைக்குப் பலர் தட்பவெப்பத்தைக் காரணமாகக் கூறுவர். கோடை வெப்பம் தணிந்து மழை தொடங்கும் காலத்தில் எளிய உணவே உடலுக்கு ஏற்றது என்பது அவர்கள் விளக்கம். தமிழ்நாட்டின் பருவத்தை நோக்கி அவர்கள் இவ்வாறு கூறுகிறார்கள். ஆனால், மலேசியாவில் அத்தகைய பருவ மாற்றம் இல்லை. தட்பவெப்பம் ஒன்றே காரணம் எனில், இந்நாட்டில் அவ்விரதத்துக்கு இடமே இருக்காது. அது இன்றளவும் நிலைத்திருப்பதால், அதன் வேர் வேறிடத்தில் உள்ளது என்பது தெளிவாகும். விரும்பிய உணவு கடையில் கிடைக்கிறது; வாங்கப் பணமும் இருக்கிறது; யாரும் தடுக்கவும் இல்லை. அந்நிலையிலும் வேண்டாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆற்றலே விரதத்தின் பயன். நாவை அடக்கக் கற்றவர் சினத்தையும் அடக்கக் கற்கலாம்.

இம்மாதத்தை ஒட்டி வரும் நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் ஆயுத பூசை நடைபெறுகிறது. அன்று மரம் சீவும் கத்தி முதல் கணினி வரை அவரவர் தொழிற்கருவிகளுக்குப் பொட்டிட்டு வழிபடுவர். கருவிக்கு ஒரு நாள் ஓய்வு அளித்து அதனை வணங்குகையில், இக்கருவி இல்லையேல் என் திறமையும் இல்லை என்னும் பணிவு பிறக்கிறது. பணிவும் அடக்கத்தின் மற்றொரு முகமே.

மார்கழி: விழிப்பு

மார்கழி வழிபாட்டுக்கே உரிய மாதமாகப் போற்றப்படுகிறது. ஆண்டாள் அருளிய திருப்பாவையின் முப்பது பாசுரங்களும், மாணிக்கவாசகர் அருளிய திருவெம்பாவையின் இருபது பாடல்களும் இம்மாத விடியற்காலையில் ஓதப்படுகின்றன. இரண்டிலும் பெண்கள் ஒருவரையொருவர் துயிலெழுப்பி நீராடச் செல்கிறார்கள். தனியே எழுந்து செல்வதைவிட, உறங்கும் தோழியையும் எழுப்பிக்கொண்டு செல்வதே அவற்றில் சிறப்பாகக் காட்டப்படுகிறது.

நோன்பு நோற்போர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்களை ஆண்டாள் திருப்பாவையில் எடுத்துரைக்கிறார். நெய்யும் பாலும் விலக்க வேண்டும். மையிட்டும் மலர்சூடியும் அழகுபடுத்திக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். பிறரைப் பற்றிப் புறங்கூறக் கூடாது. இரப்போருக்கும் நல்லோருக்கும் இயன்றவரை ஈய வேண்டும். உணவைப் பற்றிய விதியும் நாவடக்கத்தைப் பற்றிய விதியும் அங்கே ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. பாலையும் நெய்யையும் விட்டுவிட்டுப் புறங்கூறுதலை விடாதவருக்கு நோன்பு நிறைவேறுவதில்லை. அக்காலத்தில் புறங்கூற அண்டைவீட்டுத் திண்ணை வேண்டியிருந்தது. இன்று கைப்பேசி ஒன்றே போதும். ஆதலால் இவ்விதி முன்னைவிட இன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பால்மரத் தோட்டத் தொழிலாளர்களுக்கு விடியலுக்கு முன் எழுவது புதிதன்று. வெயில் ஏறும் முன் மரம் சீவினால்தான் பால் நன்றாகச் சுரக்கும் என்பதால், ஆண்டு முழுவதும் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக் களத்திற்குச் சென்றார்கள். ஆயினும், மார்கழியில் தோட்டக் கோவில்களில் பஜனை ஒலித்தது. வயிற்றுக்காக விழிப்பது வேறு. தன்னைத் தானே எண்ணிப் பார்க்க விழிப்பது வேறு. இந்த வேறுபாட்டை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

மார்கழிப் பாடல்களின் பயணம் தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. தாய்லாந்தின் பாங்காக் நகரில் அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் ‘திரியம்பவாய் திரிபவாய்’ என்னும் சடங்கை நடத்துகிறார்கள். இப்பெயரில் திருவெம்பாவை, திருப்பாவை ஆகிய பெயர்களின் சாயல் இருப்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். தமிழ்நாட்டு மார்கழியின் பனி தென்கிழக்காசியாவுக்கு வரவில்லை. விழித்தெழச் சொல்லும் குரல் வந்துசேர்ந்தது.

தை: நன்றியும் சுமையிறக்கமும்

தை முதல் நாளில் பொங்கல். கதிரவனுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் நன்றி கூறும் விழா இது. நகரத்துப் பிள்ளைகளுக்கு அரிசி என்பது கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் பொருள். அந்த அரிசிக்குப் பின்னே கெடா மாநிலத்து வயலில் உழைத்த ஓர் உழவர் இருக்கலாம். நெல்லை அரைத்தவர், ஏற்றி வந்தவர், விற்றவர் எனப் பலர் இருக்கின்றனர். அவர்கள் வேறு மொழி பேசுவோராகவும் வேறு சமயத்தைச் சேர்ந்தோராகவும் இருக்கலாம். பொங்கிவரும் பானையின் முன் நிற்கும் குடும்பம் அவர்கள் அனைவரையும் நினைத்துப் பார்க்குமாயின், நெல் அறுக்காத வீட்டிலும் பொங்கல் பொருளுடைய விழாவாகிறது.

தைப்பூசம் இந்நாட்டின் மிகப் பெரிய இந்து விழாக்களுள் ஒன்று. கே. தம்புசாமிப் பிள்ளை 1891ஆம் ஆண்டில் பத்துமலைக் குகையில் முருகன் கோவிலை நிறுவினார். மறு ஆண்டு முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 2006ஆம் ஆண்டில் மலையடிவாரத்தில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை திறக்கப்பட்டது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளி இரதம் புறப்பட்டு வர, பக்தர்கள் பால்குடமும் காவடியும் ஏந்தி 272 படிகளில் ஏறுகிறார்கள். சிங்கப்பூரில் பக்தர்கள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் சாலையில் உள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவிலுக்கு நடந்து செல்கிறார்கள். 1968ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் அங்கே பொது விடுமுறை நாளாக இல்லை. பலர் தம் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கிக் காவடி எடுக்கிறார்கள்.

காவடியின் பொருளை இடும்பன் கதை விளக்குகிறது. அகத்தியரின் மாணவனாகிய இடும்பன், சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளையும் ஒரு தண்டில் கட்டித் தோளில் சுமந்து வந்தான். பழனியில் இளைப்பாற அவற்றை இறக்கிவைத்தான். மீண்டும் தூக்க முயன்றபோது இயலவில்லை. மலைமீது நின்ற சிறுவன் அதனைத் தனதென்று கூற, தன் வலிமையில் செருக்குற்ற இடும்பன் அச்சிறுவனோடு போரிட்டு வீழ்ந்தான். சிறுவன் முருகனே என்று அறிந்து பணிந்தபோது உயிர் பெற்றான். மலையின் காவலனாகவும் ஆனான். மலைகளைச் சுமக்க வல்லவனால் தன் செருக்கை இறக்கிவைக்க முடியவில்லை. அதனை இறக்கிவைத்த பிறகே அவனுக்கு அருள் கிடைத்தது. தோளில் காவடியை ஏற்றுவோர் உள்ளத்தில் எதனை இறக்க வேண்டும் என்பதை இக்கதை சொல்லாமல் சொல்கிறது.

அன்னை பார்வதி முருகனுக்கு வேல் வழங்கிய நாள் தைப்பூசம் என்பது மரபு. வேல் கூர்மையும் அகலமும் ஆழமும் உடையது. மெய்யறிவின் அடையாளமாக அது போற்றப்படுகிறது. அவ்வேலால் பிளவுண்ட சூரபதுமன் அழிந்து போகவில்லை. மயிலாகவும் சேவலாகவும் மாறி, முருகனின் ஊர்தியாகவும் கொடியாகவும் விளங்கினான். தீயவரை ஒழிப்பதைவிட அவருள் இருக்கும் தீமையை நன்மையாக மாற்றுவதே உயர்ந்தது என்பது இதன் உட்பொருள்.

வடிவம் நின்று பொருள் நழுவினால்

மண்ணின் கணக்கு இல்லாத இடத்தில் மனத்தின் கணக்கே விழாவைத் தாங்கி நிற்கிறது. அதுவும் நழுவினால் வடிவம் மட்டுமே எஞ்சும். காவடி எடுப்போர் 48 நாள், அதாவது ஒரு மண்டலம், விரதம் இருப்பதை மரபாகக் கொள்வர். எளிய மரக்கறி உணவு, தரையில் உறக்கம், இன்சொல், காலை மாலை வழிபாடு என்பவை அவ்விரதத்தின் கூறுகள். வேலை, படிப்பு ஆகியவற்றின் காரணமாக நாள்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வோர் உண்டு. அது அவரவர் சூழலைப் பொறுத்தது. ஆனால், விரதத்தை முற்றாக விட்டுவிட்டு, காவடியின் உயரத்தையும் இசையின் ஓசையையும் மட்டும் கூட்டுவது வேறு. அங்கே பார்ப்போருக்கு ஒரு காட்சி கிடைக்கிறது. எடுப்போருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

சிதறு தேங்காய் உடைப்பதும் இத்தகையதே. ஓடு ஆணவத்தைக் குறிக்கிறது. உள்ளிருக்கும் வெண்மை தூய உள்ளத்தைக் குறிக்கிறது. இப்பொருளை உணர ஒரு தேங்காய் போதும். பினாங்கில் தைப்பூசத்தின்போது தேங்காய்கள் மலைபோல் குவித்து உடைக்கப்படுகின்றன. உணவுப்பொருள் வீணாவதைக் குறைக்குமாறு பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வேண்டுகோள் விடுத்துள்ளது. பிறரைவிட நூறு தேங்காய் கூடுதலாக உடைக்க வேண்டும் என்று ஒருவர் எண்ணும்போது, உடைபட வேண்டிய ஆணவம் வளர்கிறது. விழா முடிந்த மறுநாள் காலையில் சாலையோரம் கிடக்கும் நெகிழிக் குவளைகளும் உணவுப் பொட்டலங்களும் இதே கேள்வியைத்தான் எழுப்புகின்றன. தூய உள்ளத்தை வேண்டி நடந்தவர்கள் நடந்த தெருவைத் தூய்மையாக விட்டுச் சென்றார்களா?

இதனால் சடங்குகள் வேண்டாம் என்பது கருத்தன்று. குடம் இல்லையேல் நீரைச் சுமக்க இயலாது. வடிவம் இல்லையேல் பொருளைத் தலைமுறைகளுக்குக் கொண்டுசெல்ல இயலாது. தாத்தா பாட்டி செய்ததைப் பார்த்துச் செய்த குடும்பங்களால்தான் இவ்விழாக்கள் கடல் கடந்தும் நிலைத்தன. வெறுங்குடத்தைச் சுமந்து செல்பவர் தாகம் தீர்க்க இயலாது என்பதும் அதே அளவு உண்மை.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஆறு இல்லாத ஊரிலும் ஆடிக்குப் பொருள் உண்டு. அப்பொருள் தானாகக் கிடைப்பதில்லை. காவிரிக் கரையில் வாழ்வோருக்கு ஆறே வந்து ஆடியை நினைவூட்டுகிறது. இங்கே வாழ்வோர் அதனைத் தாமே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு கிண்ணம் கூழைப் பிறரோடு பகிர்ந்து, விரும்பிய உணவு ஒன்றை ஒரு மாதம் விலக்கி, விடியலுக்கு முன் எழுந்து பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, தட்டில் உள்ள சோற்றுக்குக் காரணமானவர்களை எண்ணி நன்றி கூறி வாழ்பவருக்கு, நான்கு மாதங்களும் நான்கு ஆசிரியர்கள்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. விண்ணின் கணக்கு எளிதில் கடல் கடந்தது. மண்ணின் கணக்கு அவ்வாறு கடக்கவில்லை. காரணங்களை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
2. மலாக்கா செட்டி சமூகத்தினரின் பழப் பருவப் படையல், விழாவின் பொருளைக் காத்ததா, மாற்றியதா? உன் கருத்தைக் காரணத்துடன் கூறுக.
3. புரட்டாசி விரதத்திற்குத் தட்பவெப்பம் மட்டுமே காரணம் அன்று என்பதைக் கட்டுரை எவ்வாறு நிறுவுகிறது?
4. உன் வீட்டில் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்றைத் தேர்ந்தெடு. அதன் பொருளை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து, அது உணர்த்தும் பயிற்சி எது என்பதை ஒரு பத்தியில் எழுதுக.